ஊராட்சித் தேர்தலுக்கு சீட்டா, மெஷினா? களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு ஒப்பீடு

2025 டிசம்பர் 9-ஆம் தேதி கேரளத்துப் பாறசாலையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கிராமப் பஞ்சாயத்து, பிளாக், மாவட்டம் என்று மூன்று ஓட்டையும் அங்கே மெஷினில் பட்டன் அழுத்திப் போட்டார்கள். 13-ஆம் தேதி காலையில் எண்ண ஆரம்பித்து அன்றைக்கே யார் ஜெயித்தார் என்று தெரிந்துவிட்டது. அதிலிருந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்து மேல்புறம், முஞ்சிறை ஒன்றியத்து ஆட்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள்: களியக்காவிளையைத் தாண்டினால் மெஷின், நமக்கு மட்டும் ஏன் நாலு கலர் சீட்டு? மெஷின் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடலாமா? போட்டால் எந்த மெஷினைக் கேட்பது?

கேள்வி நியாயமானது. எல்லை தாண்டிப் போகக்கூட வேண்டாம், நம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விதமாகத்தான் ஓட்டுப் போடுகிறோம். 2022 பிப்ரவரி 19-ல் நாகர்கோவில் மாநகராட்சியும் குளச்சல், குழித்துறை போன்ற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் மெஷினில் ஓட்டுப் போட்டன. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நகர்ப்புறப் பகுதியில் இருப்பவர்கள். மிச்சம் இருக்கிற 95 கிராம ஊராட்சிகள்தான் 2019 டிசம்பரில் சீட்டில் முத்திரை குத்தின.

காரணம் எளிது. பேரூராட்சிக்காரருக்கு ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு மட்டும். கிராம ஊராட்சிக்காரருக்கு நாலு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். ஒரு ஓட்டுக்குச் செய்த மெஷினை நாலு ஓட்டுக்கு வைப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. அந்தச் சிக்கலில் பாதி தொழில்நுட்பம். மீதிப் பாதி, எந்த அலுவலகம் எந்த அலுவலகத்தோடு எந்த நிபந்தனையில் சேர்ந்து வேலை செய்யப் போகிறது என்பது. அந்த இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை, அதனால் இதில் அதைக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், நாலு ஓட்டையும் குழப்பமில்லாமல் போட முடிகிறதா. கண் மங்கின பாட்டிக்கும், முதல் தடவை ஓட்டுப் போட வருகிற பையனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அடுத்தது, தோற்றவர் ஒப்புக்கொள்வாரா. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். வார்டு உறுப்பினர் தேர்தலில் மொத்த வாக்காளர்களே சில நூறு பேர்தான், இரண்டு ஓட்டு மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பது சாதாரணம், சமமாக வந்தால் குலுக்கல். தோற்றவரும் ஜெயித்தவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அடுத்த ஐந்து வருஷம் ஒரே குடிநீர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள். ‘மறுபடி எண்ணுங்க’ என்று ஒருவர் கேட்டால் அவர் கண் முன்னால் எண்ணிக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் அந்த நாட்டு மெஷின் தேர்தலைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: தேர்தலின் முக்கியமான படிகளை, தொழில்நுட்பம் தெரியாத சாதாரண ஆளும் சரிபார்க்க முடிய வேண்டும்.

மூன்றாவது, எத்தனை அலுவலகங்கள் சேர வேண்டும், அவர்களில் யாராவது ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று சொன்னால் தேர்தல் நிற்குமா. நான்காவது செலவு, அதாவது வாங்குகிற விலையோடு வைத்துக் காக்கிற விலை. கடைசியாக சட்டம். மலையும் கடலும் ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ள ஊர் இது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

## ஒன்று: இப்போது இருக்கிற சீட்டே போதும்

ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே பூத்தில் இரண்டு வார்டு வந்தால் இரண்டாவது வார்டுக்கு இளநீலம். 2020 ஜனவரியில் எண்ணிக்கை மேஜையில் உட்கார்ந்தவன் நான். பெட்டியைக் கவிழ்த்ததும் நாலு கலரும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து கிடக்கும். முதல் வேலையே கலர் பிரிப்பது. ஒவ்வொரு மடிப்பையும் பிரித்து, கலர் வாரியாக அடுக்கி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்ட பிறகுதான் எண்ணவே ஆரம்பிக்க முடியும். பச்சைக்குள் மஞ்சளை வைத்து ஒன்றாக மடித்திருப்பார்கள். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுக் கோட்டில் விழுந்திருக்கும். மை காயாமல் மடித்ததால் எதிர்ப் பக்கத்திலும் ஒரு அச்சுப் பதிந்திருக்கும், எது அசல் முத்திரை எது மடிப்பில் ஒட்டினது என்று இரண்டு தரப்பு ஏஜெண்டும் குனிந்து பார்ப்பார்கள். மாநிலத்தில் பல இடங்களில் எண்ணிக்கை மறுநாளும் நீண்டதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே மேஜையில்தான் சீட்டின் பெரிய பலமும் தெரிந்தது. சந்தேகம் வந்த ஒவ்வொரு சீட்டையும் ஏஜெண்ட் கண்ணால் பார்த்தார், கட்சி பேதமில்லாமல் வாதாடினார், முடிவு சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொண்டார்.

அலுவலகக் கூட்டணி என்று பார்த்தால் சீட்டில்தான் மிகக் குறைவு. மாநிலத் தேர்தல் ஆணையம், கலெக்டர், ஊரக வளர்ச்சித் துறையின் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம், அச்சகம், போலீஸ். எல்லாமே மாநில அரசுக்குள் முடிகிற விஷயம், டெல்லிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

மறைவான செலவு இருக்கிறது. வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்ததிலிருந்து ஓட்டுப் போடும் நாள் வரை இருக்கிற கொஞ்ச நாளில் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி சீட்டு அச்சடித்து, எண் சரிபார்த்து, பூத் வாரியாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் செல்லாத ஓட்டு. மூன்று ஓட்டில் ஜெயிக்கிற வார்டில் பத்து ஓட்டு செல்லாமல் போனால் அந்த ஊரின் முடிவைச் செல்லாத ஓட்டுதான் எழுதியது என்று அர்த்தம். இதை யாரும் ரூபாய்க் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சீட்டுப் பழைய காலத்து வழி, ஒழிய வேண்டியது என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: கர்நாடக அமைச்சரவை 2025 செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தலைச் சீட்டுக்கே கொண்டுபோகப் பரிந்துரைத்தது. தெலங்கானா 2025 டிசம்பரில் பஞ்சாயத்துத் தேர்தலைச் சீட்டில்தான் நடத்தியது.

## இரண்டு: இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் மெஷினைக் கடன் வாங்குவது

‘கலெக்டர் ஆபீஸ் கிடங்கில்தான் மெஷின் சும்மா கிடக்குதே, அதை எடுத்து வைக்க வேண்டியதுதானே’ என்று டீக்கடையில் சொல்வது இந்த வழியைத்தான். கேட்கச் சுலபமாக இருக்கும். நடைமுறையில் நாலு வழிகளிலேயே அலுவலகக் கூட்டணி அதிகம் தேவைப்படுகிற வழிகளில் இது ஒன்று.

இரண்டு ஆணையமும் வேறு வேறு. சட்டமன்றம், பாராளுமன்றத் தேர்தல்களை அரசியல் சாசனத்தின் 324-வது பிரிவின்படி இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. ஊராட்சித் தேர்தல் 243கே பிரிவின்படி மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. ஒருவர் மற்றவருக்குக் கீழே இல்லை. கீழே மாவட்டத்தில் மட்டும் கலெக்டர் இரண்டு பேருக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரியாக இருக்கிறார், அதனால்தான் நமக்கு எல்லாம் ஒன்று போலத் தெரிகிறது. கிடங்கு ஒன்று, சாவி வேறு ஆளுடையது.

கடன் வாங்கினால் என்னென்ன சேர வேண்டும் என்று பாருங்கள். மாநில ஆணையம் எழுதிக் கேட்க வேண்டும், இந்திய ஆணையம் சம்மதிக்க வேண்டும். மெஷின் செய்கிற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அல்லது இசிஐஎல் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் வந்து கட்சிகளின் முன்னிலையில் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும். சட்டமன்றத் தேர்தல் முடிந்த சூட்டோடு ஊராட்சித் தேர்தல் வைத்தால் அந்த மெஷினைத் தொடவே முடியாது: தேர்தல் வழக்குப் போட 45 நாள் அவகாசம் இருக்கிறது, அதுவரை சீல் உடைக்கக் கூடாது, வழக்கு வந்துவிட்டால் நீதிமன்றம் விடுவிக்கும் வரை அந்தத் தொகுதியின் மெஷின் அசையாது. ஊராட்சித் தேர்தல் தேதி இன்னொரு தேர்தலின் வழக்குக் கட்டைப் பார்த்துக் காத்திருக்கும் நிலைமை வரும்.

சரி, எல்லாரும் ஒத்துழைத்து மெஷின் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது ஒரே ஒரு ஓட்டுக்கான மெஷின். ஒரு பூத்துக்கு நாலு கண்ட்ரோல் யூனிட் (அலுவலர் மேஜையில் இருந்து ஓட்டைத் திறந்துவிட்டுக் கணக்கு வைப்பது), நாலு பேலட் யூனிட் (வாக்காளர் பட்டன் அழுத்துவது). நூறு பூத் உள்ள ஒன்றியத்துக்கு நானூறு ஜோடி, அதற்கு மேல் ரிசர்வ். ஒவ்வொரு வாக்காளருக்கும் அலுவலர் நாலு தடவை பட்டன் அழுத்தித் திறந்துவிட வேண்டும், நாலு தடவை ‘பீப்’ கேட்டதா என்று கவனிக்க வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவும் நாலு மெஷினுக்கு. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பூத்தாகிற வகுப்பறைக்குள் நாலு மறைப்பு அட்டையும் நாலு மேஜையும் வரிசையும் எப்படி அடங்கும் என்று யோசியுங்கள்.

விலையையும் பார்ப்போம். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவது பற்றிய கேள்விக்கு இந்தியத் தேர்தல் ஆணையம் மத்திய அரசுக்கு 2023-ல் கொடுத்த உத்தேச விலை: பேலட் யூனிட் 7,900 ரூபாய், கண்ட்ரோல் யூனிட் 9,800, போட்ட ஓட்டைக் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் 16,000. நாலு ஜோடிக்கு 70,800 ரூபாய், விவிபேட்டும் சேர்த்தால் 1,34,800 ரூபாய், ஒரே ஒரு பூத்துக்கு. கடன் என்பதால் இந்த விலை நம் தலையில் விழாது. ஆனால் அவ்வளவு மதிப்புள்ள பொருளைக் கொண்டுவந்து, காவல் போட்டு, திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு விழும். வழியில் உடைந்தால், மழையில் நனைந்தால் யார் கணக்கு? இதைக் கடன் பத்திரத்தில் முதலிலேயே எழுதாவிட்டால் பிறகு கோப்பு நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பழியும் இந்த வகையில்தான். மாநில ஆணையங்கள் வைத்திருக்கும் மெஷின் எங்களுடையது இல்லை என்று இந்தியத் தேர்தல் ஆணையம் பல தடவை விளக்கம் கொடுத்திருக்கிறது, அது சரியான விளக்கமும்கூட. கடன் மெஷினில் சோதனை செய்தது ஒருவர், பூத்தில் வைத்தது இன்னொருவர் என்று ஆகும்போது, கோளாறு வந்தால் புகார் மனுவை எந்த வாசலில் கொடுப்பது என்று தோற்ற வேட்பாளருக்குத் தெரியாது.

இந்த வழி எங்கே பொருந்தும்? இடைத்தேர்தலில். ஒரு ஒன்றிய வார்டு காலி, ஒரே ஒரு பதவிக்குத் தேர்தல் என்றால் ஒரு ஓட்டு மெஷின் கச்சிதம். அதற்குக் கடன் வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

## மூன்று: மாநில ஆணையம் சொந்தமாகப் பல ஓட்டு மெஷின் வாங்குவது

கேரளத்து வழி இது. ஒரு கண்ட்ரோல் யூனிட், அதோடு மூன்று பேலட் யூனிட். கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு இளஞ்சிவப்பு, மாவட்டத்துக்கு நீலம் என்று லேபிளிலும் கலர் உண்டு. வாக்காளர் மூன்றிலும் வரிசையாக அழுத்திவிட்டு வந்துவிடலாம். ஒன்றில் போட விருப்பமில்லை என்றால் ‘எண்ட்’ பட்டனை அழுத்தி முடிக்க வேண்டும். முடிக்காமல் வெளியே வந்துவிட்டால் அடுத்த ஆளுக்கு மெஷின் திறக்காது, அலுவலர் தலையிட்டு முடித்துவைக்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் வரிசை நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்படியே பாறசாலை மெஷினை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நம் பளுகல் பக்கம் வைத்துவிட முடியாது. கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மக்களுக்கு மூன்று ஓட்டுத்தான். நமக்குத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது, அதனால் நாலாவது யூனிட் வேண்டும். இரண்டு வார்டு சேர்ந்த பூத்தில் ஐந்தாவதும் வேண்டும், வார்டுக்காரருக்கு ஏற்ற யூனிட்டை மட்டும் திறந்துவிடும் வசதியும் வேண்டும். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன்னாலேயே, பிடிஓ அலுவலகத்தில் வார்டு பிரிப்பைக் கையில் வைத்திருக்கிறவர்களும் மெஷின் வடிவமைக்கிற இன்ஜினியர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். இது நடக்காமல் சென்னையிலேயே டெண்டர் முடிந்தால், மெஷின் வந்த பிறகு பூத்தை மெஷினுக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டுகிற வேலை நம் தலையில் விழும்.

மேலே சொன்ன விலையையே வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கண்ட்ரோல் யூனிட்டும் நாலு பேலட் யூனிட்டும் 41,400 ரூபாய். நாலு தனி ஜோடியை விட 29,400 ரூபாய் குறைவு. நூறு பூத்துக்கு 41 லட்சத்து 40 ஆயிரம். பல ஓட்டு மெஷினின் உண்மையான விலை வேறாக இருக்கும், ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

மறைவான செலவு கிடங்கில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற பொருள். பதினைந்து வருஷ ஆயுள் என்றால் மூன்றே மூன்று பொதுத் தேர்தல், நடுவில் சில இடைத்தேர்தல். மிச்ச நாளெல்லாம் பூட்டிய அறையில், பேட்டரி கழற்றி, ஈரம் படாமல், எலி கடிக்காமல், காவலோடு இருக்க வேண்டும். நம் கடற்கரை ஒன்றியங்களில் வீட்டு ஜன்னல் கம்பியே எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒக்கி மாதிரி ஒரு புயலோ 2023 டிசம்பர் மாதிரி ஒரு மழையோ வந்தால் கிடங்குக்குள் தண்ணீர் வராது என்று யாராவது எழுதித் தர வேண்டும்.

அயர்லாந்துக்காரர்கள் இதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். சுமார் 7,500 மெஷின்களை முதலில் வாங்கினார்கள், அதன் நம்பகத்தன்மையை ஆராய ஆணையம் அமைத்தது 2004-ல், வாங்கிய பிறகு. அந்த ஆணையம் திருப்தி இல்லை என்று சொன்னது. மொத்தம் ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவாகி, வருஷக்கணக்கில் கிடங்கு வாடகை கொடுத்து, 2012-ல் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினார்கள். சோதிக்க வேண்டிய அலுவலகத்தை, வாங்குகிற அலுவலகம் கடைசியில் கூப்பிட்டதுதான் அங்கே நடந்த தவறு.

இந்தக் கிடங்குச் செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: மாநில ஆணையங்கள் தங்களுக்குள் மெஷினைக் கொடுத்து வாங்குவது. மத்தியப் பிரதேச ஆணையத்தின் மெஷின்களை மகாராஷ்டிரா எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் தேர்தல் மாதம் மோதாமல் பார்த்துக்கொண்டால், ஒரே வகை மெஷினை இரண்டு மாநிலமும் பகிரலாம். நாலு யூனிட் பொருத்தும் வடிவம் வாங்கினால் மூன்று ஓட்டுக்காரருக்கும் அது ஆகும். நம் மாவட்டம் இரண்டு பக்கமும் பழகிய மாவட்டம், இந்தப் பேச்சை ஆரம்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இரண்டு குறை இருக்கிறது, இரண்டுமே பெரியது. கேரள உள்ளாட்சி மெஷினில் விவிபேட் கிடையாது. நான் மேலே ‘தோற்றவர் ஒப்புக்கொள்வாரா’ என்று கேட்டேனே, அந்தக் கேள்விக்கு இந்த மெஷினிடம் காகிதத்தில் பதில் இல்லை. மறு எண்ணிக்கை என்றால் அதே எண்ணை மறுபடி திரையில் காட்டும். இரண்டாவது குறை ரகசியம். மெஷினில் பூத் வாரியாக எண் தெரிந்துவிடும். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடுகிற ஒரு சின்ன பூத்தில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு யாருக்கு எத்தனை என்று வெளியே தெரிந்தால், ஜெயித்தவர் நாளைக்கு ரோடு போடும்போது அதை நினைத்துப் பார்க்கலாம். சீட்டாக இருந்தால் பல பூத்தைக் கலந்து எண்ண வழி உண்டு. மெஷினிலும் கலந்து கூட்ட ‘டோட்டலைசர்’ என்று ஒரு கருவி செய்தாகிவிட்டது, இந்தியத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது, மத்திய அரசு இன்னும் ஏற்கவில்லை. ஊராட்சித் தேர்தலுக்கு மாநிலமே முடிவெடுக்கலாம் என்பதால் மெஷின் வாங்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன்.

மலைப் பூத்துக்கு மெஷின் தோதா என்றால், தோதுதான். பேட்டரியில் ஓடும், கரண்ட் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

பாதி வழியும் ஒன்று உண்டு. ராஜஸ்தானில் 2020-ல் சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தேர்தலை மெஷினிலும் வார்டு பஞ்சு (வார்டு உறுப்பினர்) தேர்தலைச் சீட்டிலும் நடத்தினார்கள். நம்மிடம் ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலருக்கு மெஷின், வார்டுக்கும் தலைவருக்கும் சீட்டு என்று பிரிக்கலாம். கட்சிச் சின்னத்தில் நடப்பது மேல் இரண்டும்தான். கீழ் இரண்டும் கட்சி சார்பில்லாதவை, அங்கேதான் இரண்டு மூன்று ஓட்டுத் தகராறு வரும், அங்கே காகிதம் இருப்பது நல்லது. எண்ணுகிற சீட்டும் பாதியாகும்.

## நான்கு: செல்போனில் ஓட்டு

இதைக் கேட்பவர்கள் தூத்தூர் பக்கத்துக்காரர்களும் வளைகுடாவில் வேலை செய்பவர்களின் வீட்டாரும். அவர்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை இல்லை, தேர்தல் நாளுக்காகப் படகைத் திருப்பினால் அந்த டீசல் செலவை யார் கொடுப்பது?

பீகார் மாநிலத் தேர்தல் ஆணையம் 2025 ஜூன் 28-ல் சில நகராட்சித் தேர்தல்களில் இதைச் செய்து காட்டியது. முன்கூட்டிப் பதிவு செய்த முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி, வெளியூர் போனவர்கள் செயலி வழியாக வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செயலி செய்தது. தெலங்கானா 2021 அக்டோபரில் கம்மத்தில் ஒத்திகை பார்த்தது. குஜராத் 2010-லேயே மாநகராட்சித் தேர்தலில் இணைய ஓட்டைக் கொண்டுவந்தது, பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு.

அலுவலகக் கூட்டணி இங்கேதான் மிக நீளம். மாநில ஆணையம், வாக்காளர் பட்டியலுக்கு இந்திய ஆணையம், அடையாளச் சோதனை, சி-டாக், செல்போன் கம்பெனிகள், சைபர் போலீஸ். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அன்றைக்கு ஓட்டு இல்லை. அதோடு, ஆழ்கடலில் சிக்னல் இல்லை. இந்த வழி யாருக்காகக் கேட்கப்படுகிறதோ அவர்களுக்கே அது எட்டாது.

வீட்டுக்குள் ஓட்டுப் போடும்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்று எந்த அலுவலருக்கும் தெரியாது. சில நூறு ஓட்டு வார்டில் பத்து போனைக் கையில் வாங்கினால் தேர்தல் முடிந்தது. எஸ்டோனியாவில் 2005-லிருந்து இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், போட்ட ஓட்டை அவகாசத்துக்குள் மாற்றிப் போட அங்கே உரிமை இருக்கிறது, நேரில் வந்து சீட்டில் போட்டால் அதுவே செல்லும். அந்த ஏற்பாடெல்லாம் இல்லாமல் செயலியை மட்டும் கொண்டுவருவதை என்னால் ஆதரிக்க முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டும், பதிவு செய்து, சின்ன அளவில் என்றால் பேசலாம்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | சீட்டு | கடன் மெஷின் | சொந்தப் பல ஓட்டு மெஷின் | செல்போன் |
|---|---|---|---|---|
| நாலு ஓட்டு | முடியும், செல்லாத ஓட்டு வரும் | நாலு ஜோடி வேண்டும் | ஒரே தொகுப்பில் முடியும் | முடியும் |
| மறு எண்ணிக்கை | கண் முன்னால் | விவிபேட்டும் வந்தால் மட்டும் | இப்போதைய வடிவில் காகிதம் இல்லை | காகிதம் இல்லை |
| சேர வேண்டியவர்கள் | மாநிலத்துக்குள் | இரு ஆணையம், தயாரிப்பாளர் | மாநில ஆணையம், தயாரிப்பாளர், நிதித்துறை | எல்லாரையும் விட அதிகம் |
| மறைவான செலவு | அச்சு, எண்ணும் நாட்கள் | போக்குவரத்து, சேதப் பொறுப்பு | கிடங்கு, காவல், பழுது | பாதுகாப்புச் சோதனை |
| எப்போது நல்லது | அவகாசம் இல்லாதபோது | இடைத்தேர்தல் | நிரந்தர ஏற்பாடு | படுக்கையில் இருப்பவர்கள் |

## என் முடிவும், முதலில் முடிக்க வேண்டிய காகித வேலையும்

நீண்ட காலத்துக்கு மூன்றாவது வழிதான் சரி, காகிதச் சான்றும் கலந்து கூட்டும் வசதியும் சேர்த்து வாங்கினால். அதுவரை சீட்டு. மாவட்டத்தில் 9 ஒன்றியம்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்றில், மேல் இரண்டு பதவிக்கு மட்டும் மெஷின் வைத்து ஒரு தேர்தல் நடத்திப் பார்த்துவிட்டு மாநிலம் முழுக்கப் போகலாம். எல்லைப் பக்கத்து மேல்புறத்தையோ முஞ்சிறையையோ எடுத்தால், பாறசாலை மெஷினைப் பார்த்துப் பழகிய ஆட்களும் அங்கே கிடைப்பார்கள்.

2019-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். மெஷின் வரட்டும் என்று காரணம் சொல்லித் தேர்தலை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. உறுப்பினர் இல்லாத ஊராட்சியை விட சீட்டில் தேர்ந்தெடுத்த உறுப்பினர் எவ்வளவோ மேல்.

எந்த வழியானாலும் சட்டம்தான் முதல் வேலை. இந்தியாவில் மெஷின் முதன்முதலில் வந்ததே நமக்குப் பக்கத்தில்தான், 1982 மே மாதம் கேரளத்துப் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 பூத்துகளில். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். மெஷினுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த 50 பூத்திலும் மறுபடி ஓட்டுப் போட வைத்து, இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார். மெஷின் தப்பாக எண்ணியது என்பதை வைத்து வந்த தீர்ப்பு இல்லை அது. பாராளுமன்றம் 1988-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மெஷின் திரும்ப வர முடிந்தது. ஊராட்சித் தேர்தல் விதிகளில் பல ஓட்டு மெஷினுக்கும் ‘எண்ட்’ பட்டனுக்கும் காகிதச் சான்றுக்கும் தெளிவாக இடம் இருக்கிறதா என்று ஊரக வளர்ச்சித் துறையும் சட்டத் துறையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போக வேண்டும்.

அடுத்தது அலுவலகங்களுக்கு இடையே எழுத்தில் ஒப்பந்தம். கிடங்குச் சாவி யார் யாரிடம், பழுது பார்க்க எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், கட்சி சார்பில்லாத சுயேச்சை வேட்பாளரும் சோதனையைப் பார்க்க எப்படிக் கூப்பிடுவது, தேர்தல் முடிந்து எத்தனை நாள் சீல் வைத்திருப்பது, புகார் வந்தால் எந்த ஒரு அலுவலகம் பதில் சொல்லும். கடைசிக் கேள்விக்கு இரண்டு அலுவலகத்தின் பெயர் எழுதியிருந்தால் அந்த ஒப்பந்தம் நமக்கு உதவாது.

மூன்றாவது, வாக்காளர் பட்டியல். இந்திய ஆணையத்தின் சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிப்பதுதான் ஊராட்சிப் பட்டியல். பேரூராட்சியும் கிராம ஊராட்சியும் ஒரே தெருவில் முடிந்து தொடங்குகிற நம் மாவட்டத்தில் இந்தப் பிரிப்பில் ஒரு வீடு மாறினால்கூட, மெஷின் எவ்வளவு நன்றாக எண்ணினாலும் அந்த ஓட்டு தப்பான வார்டில்தான் விழும்.

தீர்மானம் போடுகிறவர்களுக்கு: ‘மெஷின் வேண்டும்’ என்று ஒரு வரியில் போடாதீர்கள். நாலு யூனிட், காகிதச் சான்று, கலந்து கூட்டும் வசதி, முதலில் ஒரு ஒன்றியத்தில் சோதனை, புகாருக்கு ஒரே அலுவலகம், இவை இல்லாவிட்டால் சீட்டே தொடரட்டும் என்று எழுதி, நகலை பிடிஓவுக்கும் கலெக்டருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் தனித்தனியாக அனுப்பி, மூன்று இடத்திலும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.